மருதத்து முள்வண்டு, நெய்தலின் ஆமைவண்டு

போன ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் சின்னக் கிராமம். பையைத் திண்ணையில் வைத்ததுமே சித்தப்பா, "வாம்மா, வயலை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம். நீதான் பூச்சி புழுன்னு எதையாவது படிச்சிட்டே இருப்பியே" என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சித்தி வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

தாளடி நட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் மூலைக் குட்டத்தில் மட்டும் பயிர் வெளுத்துக் கிடந்தது. வெந்நீர் தெளித்த மாதிரி. "சுருட்டுப்புழுன்னு சொல்லி உரக்கடையில மருந்து குடுத்துட்டாங்க. இன்னும் அடிக்கல. நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்றார்.

குனிந்து ஒரு இலையைப் பிடித்தேன். சுருட்டுப்புழு என்றால் இலை நீளவாக்கில் மடிந்து, நூலால் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும். பிரித்தால் உள்ளே பச்சைப் புழு துள்ளும். இங்கே இலை மடியவே இல்லை. நரம்போடு நரம்பாக, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி வெள்ளைக் கோடுகள். இலை நுனிப் பக்கம் ஒரு கொப்புளம், காய்ந்த வைக்கோல் நிறத்தில். அந்த இலையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கொப்புளத்துக்குள், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில், வெளிர்மஞ்சளாகத் தட்டையான புழு ஒன்று நிழலாகத் தெரிந்தது. மெல்ல நகர்ந்தது.

அடுத்த குத்திலேயே அதன் தாயோ தகப்பனோ உட்கார்ந்திருந்தது. அரிசியைவிடச் சிறியது, 5 மில்லிமீட்டர் இருக்கும். கருநீலமாக எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. தலைக்குப் பின்னால், முதுகில், ஓரத்தில் என்று உடம்பெல்லாம் முள். விரலால் தொட்டேன். குத்தவில்லை, ஆனால் சுரசுரவென்று இருந்தது. சித்தப்பாவிடம் நீட்டினேன்.

"அட, இது முள்ளு வண்டுல்ல! எங்கப்பா காலத்துல இதுக்காகத்தான் நாத்து நுனியக் கிள்ளிட்டு நடச் சொல்வாங்க. இப்ப யாரு கிள்ளுறா?"

அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். முள்வண்டின் தாய் முட்டைகளைக் கொத்தாக வைப்பதில்லை. இளம் இலையின் நுனிப்பக்கமாகப் பார்த்து, தோலைச் சற்றே கீறி, ஒவ்வொன்றாகச் செருகி வைக்கும். நாற்றங்காலிலேயே இந்த வேலையை முடித்துவிடும். நடவுக்கு முன் நாற்று முடிச்சை ஒரு கையில் பிடித்து நுனியை அரிவாளால் சீவிவிட்டால் முட்டைகளும் இளம்புழுக்களும் அந்த நுனியோடு போய்விடும். விவசாயப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் இதே வழிதான் இருக்கிறது. எந்த மருந்தும் தேவையில்லாத வழி. நடவு கூலிக்கும் நேரத்துக்கும் பயந்து நாம் விட்டுவிட்ட வழி.

டெல்டாவில் இது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. அசாமிலும் வங்கதேசத்திலும் அப்படியில்லை, நெல்லுக்கு இது பெரிய பகை. அதன் அறிவியல் பெயர் டைக்லாடிஸ்பா ஆர்மிஜெரா. ஆர்மிஜெரா என்றால் ஆயுதம் தாங்கியது என்று பொருள். பெயர் வைத்தவர் ஒலிவியே, 1808-இல். சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இந்த வண்டு பற்றி மட்டும் எழுத நினைத்திருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததுதான் என்னை இத்தனை மாதம் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அத்தை வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம் பக்கம். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறினால் போதும், மண்ணின் நிறமே மாறிவிடும். எங்கள் ஊர்க் களிமண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அங்கே கால் புதையும் மணல். நெல் போய், மாவும் மல்லிகையும் புகையிலையும் வரும். காற்றில் உப்பு வரும். சின்ன வயதில் அந்த பஸ்ஸில் போகும்போது அப்பா, "இதோட மருதம் முடிஞ்சுது, இனிமே நெய்தல்" என்று ஜன்னல் வழியாகக் காட்டுவார். பாடப்புத்தகத்தில் ஐந்திணை படிப்பதற்கு முன்பே எனக்கு அது இரண்டு ஊர்களாகத் தெரியும்.

கடற்கரை மணல்மேட்டில் அடும்பங்கொடி படர்ந்திருந்தது. ஊதாப் பூ, நடுவில் பிளந்த தடித்த இலை. சங்கப் புலவர் ஒருவருக்கு இந்த இலை மானின் குளம்பாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு லத்தீனில் பெயர் வைத்தவர்களுக்கு ஆட்டின் குளம்பாகத் தெரிந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் குளம்புதான். அந்த இலைகளில் பல ஓட்டை ஓட்டையாக இருந்தன. முள்வண்டு சுரண்டிய மாதிரி கோடு இல்லை. துளைபோடும் மிஷினால் குத்திய மாதிரி வட்டமான ஓட்டைகள்.

இலையைத் திருப்பினேன். அடியில் ஒரு வண்டு. சட்டைப் பித்தான் அளவு. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஓரம், நடுவில் மஞ்சள், அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். தலையும் காலும் வெளியே தெரியவே இல்லை. ஆமை ஓட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் இலையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். எழவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இலைதான் கிழியும் போலிருந்தது.

இதுதான் ஆமைவண்டு. அஸ்பிடிமார்ஃபா மிலியாரிஸ். சர்க்கரைவள்ளி போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். அடும்பு, சர்க்கரைவள்ளி, ஏரிக்கரையெல்லாம் புதராக மண்டிக் கிடக்கிறதே நெய்வேலிக் காட்டாமணக்கு, இவையெல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்தை நம்பித்தான் இது வாழ்கிறது. உங்கள் ஊரில் கடல் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். காட்டாமணக்கு இருக்கும் ஏரிக்கரைக்குப் போய் இலைகளைத் திருப்புங்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடியபோதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. முள்வண்டும் ஆமைவண்டும் நெருங்கிய உறவு. இலைவண்டுக் குடும்பத்தில் 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்தப் பெரிய குடும்பத்துக்குள் இவை இரண்டும் ஒரே உள்குடும்பம். ஒன்று முள்ளம்பன்றி, ஒன்று ஆமை என்று பார்த்த கண்ணுக்கு இது நம்பவே முடியாத செய்தி. நீண்ட காலம் அறிவியலாளர்களும் இவற்றைத் தனித்தனி உள்குடும்பங்களாகத்தான் வைத்திருந்தார்கள். பிறகு உடலமைப்பை, குறிப்பாகப் புழுப் பருவத்தை, நுணுகிப் பார்த்து ஒன்றாகச் சேர்த்தார்கள். சேர்த்த பின் நிலைத்த பெயர் லத்தீனில் தலைக்கவசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இதில் எனக்குப் பெருமையாக இருந்த ஒன்று. 1919-இலேயே இந்த இரண்டு கூட்டங்களையும் ஒரே தொகுதிக்குள் எழுதிய இந்தியர் ஒருவர் இருந்திருக்கிறார். சமரேந்திர மௌலிக். பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் பற்றிய பெரிய நூல்வரிசையில் முள்வண்டுகளுக்கும் ஆமைவண்டுகளுக்குமான தொகுதி அவருடையது. நூறு ஆண்டு கழித்தும் நம் ஊர் இலைவண்டை அடையாளம் காண வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். இப்படி ஒருவரைப் பற்றி எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறாகிப் போனார்கள்?

எனக்கு முதலில் பிடிபட்டது இலைதான். நெல்லிலை குறுகலானது, நீளமானது. நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மணல்சத்து ஏறிய சொரசொரப்பு. அறுவடைக்குப் போனவர்களுக்குக் கையில் கீறிய தழும்பு சொல்லும். வயல் என்பது மறைவே இல்லாத இடம். கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் இலையில் ஒரு மென்மையான புழு எங்கே போய் ஒளியும்? முள்வண்டின் புழு கண்டுபிடித்த இடம் இலைக்கு உள்ளே. மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருக்கும் பச்சையைத் தின்றுகொண்டே சுரங்கம் வெட்டுகிறது. அதுவே வீடு, அதுவே சாப்பாடு. தட்டையான உடம்பு, அந்த வீட்டுக்கு ஏற்ற உடம்பு. கூட்டுப்புழு ஆவதும் அதே அறையில்தான். முட்டையிலிருந்து வண்டாக வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம். கதவைத் திறந்து வெளியே வரும் நாளில்தான் அதற்கு முள் வேண்டியிருக்கிறது. தாய் ஏன் ஒவ்வொரு முட்டையாகப் பிரித்து வைக்கிறது என்பதும் எனக்கு இதற்குப் பிறகுதான் விளங்கியது. அந்த ஒடுக்கமான இலைக்குள் ஒரு அறையில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம்.

அடும்பிலை அப்படியில்லை. அகலம், தடிமன், மேலே வெயில், கீழே நிழல். ஆமைவண்டின் தாய் முட்டைகளைக் கூட்டமாக இட்டு, காகிதம் போன்ற மெல்லிய ஏடுகளை அடுக்கி மூடிவிடுகிறது. சின்ன மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று இலையில் ஒட்டியிருப்பது போல இருக்கும். பொரித்து வரும் புழுக்கள் வெட்டவெளியில், இலை மேலேயே, சேர்ந்தே மேய்கின்றன. ஒளிவதற்கு அறை கிடையாது. அதனால் கவசத்தைப் பிறந்த நாளிலிருந்தே முதுகில் சுமக்கின்றன.

அந்தக் கவசம் எதனால் ஆனது தெரியுமா? உரித்த தோலால். புழு வளர வளரத் தோல் உரிக்கும் அல்லவா? பாம்பு மாதிரி விட்டுவிட்டுப் போகாது. வாலில் இருக்கும் கவை மாதிரியான உறுப்பில் பழைய தோலைக் கோத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தோலும் அதன் மேல். இந்தக் கூட்டத்தின் பல இனங்கள் தங்கள் எச்சத்தையும் அதோடு சேர்த்துக் குடையாக்கி முதுகுக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. தாமஸ் ஐஸ்னர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளரும் அவருடைய தோழர்களும் 1967-இல் இப்படி ஓர் ஆமைவண்டுப் புழுவை எறும்புகளோடு விட்டுப் பார்த்தார்கள். எறும்பு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் புழு தன் குடையைச் சாய்த்ததாம். அருவருப்பாக இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னிடம் இருப்பதை மட்டும் வைத்துப் பிழைக்கத் தெரிந்த ஒரு சிறு உயிர், அவ்வளவுதான்.

அதே ஐஸ்னர் 2000-இல் டானியல் அனஷான்ஸ்லியோடு சேர்ந்து இன்னொரு காரியம் செய்தார். ஃப்ளோரிடாவில் சிறு பனையில் வாழும் நீல ஆமைவண்டு ஒன்றின் முதுகில் நூல் ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். தன் எடையைப்போலச் சுமார் அறுபது மடங்கு விசையோடு இழுத்தபோதும் அது பிடியை விடவில்லை. அதன் பாதங்களில் சுமார் 60,000 நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் எண்ணெய் ஈரம். ஆபத்து வந்ததும் எல்லாவற்றையும் ஒருசேர ஊன்றிக்கொண்டு ஓட்டைக் கீழே இறக்கிவிடும். அதைப் படித்தபோது வேதாரண்யத்து மணலில் என் நகத்துக்கு மசியாத அந்தப் பித்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடற்காற்று நாள் முழுக்க இலையைப் புரட்டிப் போடுகிற இடத்தில் அப்படியொரு பிடி எவ்வளவு தூரம் உதவும் என்றும் யோசித்தேன்.

இங்கே கொஞ்சம் பொன்வண்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டிக்குள் இலை போட்டு நாம் வளர்த்த பச்சைப் பொன்வண்டு வேறு குடும்பம். ஆனால் ஆமைவண்டுகளிலேயே நிஜப்பொன் நிறத்தில் ஓர் இனம் இருக்கிறது. மிலியாரிஸுக்குத் தங்கை மாதிரி, அதைவிடச் சின்னது. காட்டாமணக்கிலும் அடும்பிலும் தேடினால் கிடைக்கும். தங்கத் தகட்டை வெட்டி ஒட்டியதுபோல் மின்னும். அதைப் பிடித்து வந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டு நாளில் இறந்துவிட்டது. பொன்னும் போய்விட்டது. மங்கிய பழுப்பு ஓடு மட்டும் மிச்சம். அந்த நிறம் சாயத்தால் வந்ததில்லை. ஓட்டுக்குள் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரத்தோடு, ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. உயிர் இருக்கும்வரை ஈரம் இருக்கும், ஈரம் இருக்கும்வரை பொன் இருக்கும். பனாமா நாட்டு உறவினம் ஒன்று, சீண்டினால் அந்த ஈரத்தை விலக்கிப் பொன்னிலிருந்து சிவப்புக்கு மாறிவிடும் என்று 2007-இல் எழுதியிருக்கிறார்கள். நான் பிடித்து வந்த வண்டுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். அதற்குப் பிறகு எதையும் டப்பாவில் அடைப்பதில்லை, பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

முள்ளா, ஓடா? இதைப் பற்றி ஜப்பானில் ஷினோஹாரா, தகாமி என்ற இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்குக் கடைசிச் சாவி. முள் இருக்கிற இலைவண்டு, அகன்ற ஓரம் இருக்கிற இலைவண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு முள்ளையும் ஓரத்தையும் வெட்டிவிட்டு, சிலவற்றை அப்படியே விட்டார்கள். மூன்று விதப் பகைவர்கள்: குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி, கடிக்கும் நண்டுச்சிலந்தி, அப்படியே விழுங்கும் மரத்தவளை. முள் தவளையிடமிருந்து காப்பாற்றியது. ஓரம் நாவாய்ப்பூச்சியிடமிருந்தும் சிலந்தியிடமிருந்தும் காப்பாற்றியது. ஒன்று செய்த வேலையை மற்றது செய்யவில்லை. இன்னொன்றும் கண்டார்கள்: முள் இருக்கிற வண்டு தவளையின் தாக்குதலுக்கு அதிகமாகவே ஆளானது. ஆனால் வாய்க்குள் போன பிறகு முள் தன் வேலையைச் செய்தது.

இதைப் படித்ததும் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வயல்! தண்ணீர் நிற்கும் மருதத்தில் தவளைக்கா பஞ்சம்? ராத்திரி வரப்பில் கால் வைத்தால் இரண்டு பக்கமும் தொப்பு தொப்பென்று குதிக்கும் சத்தம்தான். அடும்பு படரும் உப்பு மணலில் தவளை ஏது? அங்கே எறும்பும் சிலந்தியும்தான் ராஜாங்கம். இரண்டு ஆயிரம் வருஷத்துக்கு முன்பு நம் ஆட்கள் நிலத்தைப் பார்த்து, இந்த நிலத்துக்கு இந்த மரம், இந்தப் பறவை, இந்தத் தொழில் என்று பிரித்து வைத்தார்களே, அதில் வண்டுக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. இது என் ஊகம் மட்டுமே. ஜப்பானியர் சோதித்தது வேறு இனங்களை, வேறு இடத்தில். எங்கள் முள்வண்டு எங்கள் தவளையிடம் என்ன ஆகிறது என்பதை நானே பார்த்தாக வேண்டும்.

சித்தப்பா அந்த மருந்தை அடிக்கவில்லை. அதை நான் இங்கே சந்தோஷமாக எழுதுகிறேன். கொப்புளம் இருந்த இலைகளைச் சித்தியும் நானும் ஒரு காலை முழுக்கக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் கொளுத்தினோம். மேலுரமாக யூரியா போடுவதைச் சித்தப்பா பத்து நாள் தள்ளிப்போட்டார். கொழுத்த பச்சை இந்த வண்டை இழுக்கும். வரப்புப் புல்லையும் செதுக்கிவிட்டார், நெல் இல்லாத காலத்தில் வண்டு அங்கேதான் தங்கும். புதிதாக வந்த இலைகள் பச்சையாகவே வந்தன. நெல்லுக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வலு நாம் நினைப்பதைவிட அதிகம். "அடுத்த நடவுக்கு நுனி கிள்ளித்தான் நடணும். நடவு ஆளுங்ககிட்ட நானே பேசுறேன்" என்று சித்தி சொல்லியிருக்கிறார்.

கார்த்திகையில் மறுபடி போனபோது விடியற்காலையில் மூலைக் குட்டத்து வரப்பில் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கட்டைவிரல் அளவு தவளை ஒன்று குத்தின் அடியில் இருந்தது. மேலிருந்து இறங்கி வந்த முள்வண்டு அதன் கண்ணெதிரே நின்றது. ஒரு நொடி. வண்டைக் காணோம். தவளையின் வாய் மூடியிருந்தது. பிறகு அந்த வாய் மெல்லத் திறந்தது, கண் இரண்டும் உள்வாங்கின, முன்னங்கால் இரண்டையும் தூக்கி வாயை வழித்துக்கொண்டது. வண்டு நனைந்துபோய்ச் சேற்றில் விழுந்து, கவிழ்ந்து, நிமிர்ந்து, பக்கத்து நெல்லிலையைப் பிடித்து ஏற ஆரம்பித்தது.

ஆமைவண்டிடம் சிலந்தி என்ன செய்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. மாசியில் அத்தை வீட்டுக்குப் போகிறேன்.